கொரங்காட்டுப் புல்லும் அதற்குரிய ஓய்வும்

சோளத்தையும் கம்பையும் பயிர் என்று பேணும் குடியானவர், தமது மேய்ச்சல் தரையில் வளரும் புல்லைப் பயிராக எண்ணுவதில்லை. மழை பெய்தால் அது தானே முளைக்கும், மாடு தானே மேயும் என்பதே பெரும்பாலோர் கொள்கை. இக்கொள்கை பொருந்தாதென்பதற்குக் காங்கேயம் பிரதேசத்துக் கொரங்காடுகளே தக்க அத்தாட்சியாகும்.

காங்கேயம், வெள்ளகோவில், மூலனூர், தாராபுரம் முதலிய இடங்களில் வருஷ மழை சுமார் 25 அங்குலமே. அதிலும் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்து தீர்ந்துவிடும். இத்தகைய வறண்ட பூமியில் முன்னோர் நிறுவிய ஏற்பாடே கொரங்காடு. சொந்த நிலத்தைச் சுற்றிலும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல். புல்லிடையே அங்கங்கே வெள்வேல மரம். வழிப்போக்கர் கண்ணுக்கு இது தரிசாகவே தோன்றும். ஆயினும், பழையகோட்டைப் பட்டக்காரராயிருந்த காலஞ்சென்ற நல்லதம்பி சர்க்கரை மன்றாடியார் போன்றோர் பேணி வளர்த்த காங்கேயம் மாட்டினம் இப்புல்லை மேய்ந்தே உருவாயிற்று.

கொழுக்கட்டைப் புல் பல்லாண்டு வாழும் இயல்புடையது. கோடையில் மேற்பாகம் காய்ந்தாலும் அடித்தூரும் வேரும் உயிரோடிருந்து, அடுத்த மழையில் துளிர்க்கும். அவ்வாறு துளிர்ப்பதற்கு வேண்டிய ஆகாரத்தைத் தயாரிப்பது இலையே. இலையை ஓயாமல் கடித்துவிட்டால் வேருக்கு ஆகாரம் ஏது? அமெரிக்க ஐக்கிய நாட்டு விவசாய இலாகாவைச் சேர்ந்த கிரைடர் என்பவர் இதனைப் பரிசோதித்து 1955ஆம் வருஷத்தில் முடிவுகளை வெளியிட்டார். இலையில் பாதியளவு நீக்கிய புல்லின் வேர்வளர்ச்சி அநேகமாகத் தடைப்படவில்லை. 100க்கு 80 பங்கு நீக்கியபோதோ வளர்ச்சி அடியோடு நின்றுவிட்டது. பாதியைத் தின்னக் கொடுத்துப் பாதியை நிறுத்தவேண்டும் என்னும் விதி இதிலிருந்து விளங்கும்.

இவ்விதியை மீறினால் நேர்வது ஒரே நாளில் கண்ணுக்குப் புலப்படாது. முதலாண்டில் தூர் மெலியும். பின்னர் தூருக்குத் தூர் இடைவெளி அகலும். அவ்விடைவெளியில் கால்நடை தொடாத துடைப்பப்புல்லும் கொழிஞ்சியும் ஆவாரையும் குடியேறும். பச்சையாயிருப்பதைக் கண்டு காடு செழித்திருப்பதாக எண்ணுவோரும் உளர். முடிவில் மண் இறுகி, பெய்த மழை உள்ளிறங்காமல் மேல்மண்ணை வாரிக்கொண்டு ஓடும். மழை குறைந்துவிட்டது என்று அப்போது வருந்துவர். மழை குறைந்ததோ இல்லையோ, அதனை ஏற்கும் சக்தி நிலத்துக்குக் குறைந்துபோயிற்று.

இதற்குப் பரிகாரம் மந்தையை விற்பது ஒன்றே என்பதில்லை, அடைப்பு முறையும் உண்டு. 12 ஏக்கர் காடுடையவர் அதனை மூன்று மூன்று ஏக்கராக நான்கு அடைப்புகளாக்கி, ஒவ்வொன்றிலும் இரண்டு வாரம் மேய்த்து வருவாரானால், ஒவ்வோர் அடைப்புக்கும் ஆறு வாரம் ஓய்வு கிட்டும். குறித்த நாளுக்கு முன்னரே புல் பாதியளவு மேயப்பட்டுவிட்டால் மந்தையை அன்றே மாற்றிவிடவேண்டும்; கணக்கு நாட்காட்டியில் அன்று, புல்லில் பார்க்கவேண்டியது. கிளுவைப் போத்துகளை நட்டால் வேலியாகத் தழைக்குமாதலால், இதற்குச் செலவு பெரும்பாலும் உழைப்பே. மாடு நாவினால் புல்லைச் சுற்றி இழுத்து மேய்வதாகலின் தரையொட்டிக் கடிப்பதில்லை. செம்மறியோ அடிவரை கறித்துவிடும். ஆகவே மாட்டை முன்னும் ஆட்டைப் பின்னும் விடுதல் முறை. ஆடு போனபின் அடைப்பை மூடிவிடவேண்டும்.

வெள்வேல மரத்தை வீண் என்று வெட்டுவோர் சிலர். கோடையில் புல் காய்ந்த காலத்தில் அதன் காயே தீனி, அதன் நிழலே தொழுவம். காயைத் தின்ற கால்நடையின் சாணத்திலிருந்து புதிய கன்றுகள் முளைப்பதுமுண்டு. ஆனால் சீமைக்கருவேலும் இதே வழியில்தான் நுழைகிறது. 1877இல் இந்தியாவுக்கு வந்ததாகச் சொல்லப்படும் அம்மரத்தின் நெற்றுகளை ஆடுமாடுகள் விரும்பித் தின்று, வித்துகளைக் காடு முழுவதும் பரப்பிவிடுகின்றன. அம்மரமுள்ள இடத்தில் மேய்ந்த மந்தையை ஒரு வாரமேனும் கட்டுத்தறியில் வைத்துத் தீனியிட்டு, அதன் பிறகே கொரங்காட்டில் விடுதல் நலம். முளைத்தவற்றைக் கன்றாயிருக்கும்போதே வேரோடு பிடுங்கவேண்டும். வெட்டினால் மீண்டும் தழைக்கும்.

கிராம அதிகாரிகளின் கவனத்துக்குரியது மேய்க்கால் புறம்போக்கு. கிராமப் பொது நிலங்களிலுள்ள ஆக்கிரமிப்புகளை அகற்றி அவற்றைக் கிராம மக்களின் பொது உபயோகத்துக்கு மீட்கவேண்டுமென்று சுப்ரீம் கோர்ட்டார் 2011ஆம் வருஷம் ஜனவரி மாதம் 28ந் தேதி தீர்ப்பளித்தனர். எனினும் மீட்டதனால் மட்டும் புல் முளைத்துவிடாது. எல்லோருடைய மந்தையும் எந்நாளும் மேயும் நிலத்துக்கு ஓய்வளிக்க எவரும் இல்லை. தாம் ஒருவர் விலகினால் அடுத்தவர் மாடு தின்றுவிடும் என்று ஒவ்வொருவரும் அஞ்சுகின்றனர், அவ்வச்சமும் நியாயமானதே. ஆதலின் கிராம சபையில் தீர்மானம் செய்து, புறம்போக்கில் நான்கிலொரு பங்கை மழைக்காலம் முழுவதும் மூடிவைத்து, வருஷந்தோறும் அப்பங்கை மாற்றி வருவது சாத்தியமான காரியம். மூடிய பங்கில் புல் விதை உதிர்க்கும்வரை எந்தப் பெரிய வீட்டு மந்தைக்கும் விலக்கு அளிக்கலாகாது. ஒரு விலக்கு அளித்த ஊரில் தீர்மானம் நிலைப்பதில்லை.

தூர் அழிந்துபோன இடங்களில் மறுபடி விதைக்கவேண்டும். புதிதாக அறுத்த கொழுக்கட்டைப் புல் வித்து உடனே முளைக்காது. ஆறு முதல் எட்டு மாதம் உலர்ந்த இடத்தில் வைத்திருந்தபின் விதைத்தல் வேண்டும். ஏக்கருக்குச் சுமார் 3 கிலோ போதும். வித்து சுணையுடன் கூடிக் காற்றில் பறப்பதாகையால் மணலுடன் கலந்து, மழைக்கு முன்பாக மேலாக விதைத்து, முட்செடியைக் கட்டி இழுத்து மெல்ல மூடிவிடவேண்டும். முதல் வருஷத்தில் அவ்விடத்தில் கால்நடையை விடலாகாது.