சினைப்பருவம் வேறு, சினை வேறு

“மாடு சினையா?” என்று கேட்டால், “ஊசி போட்டாச்சே” என்று பதில் சொல்பவர்கள் நிறையப் பேர். ஊசி போட்டதும் சினை பிடித்ததும் ஒன்றல்ல. இதைப் பிரித்துப் பார்க்காமல், கன்று வருமென்று வெறும் மாட்டுக்கு மாதக்கணக்கில் தீனி போட்டவர்கள் உண்டு.

சினை பழைய சொல். இலக்கணத்தில் உறுப்புக்குச் சினை என்று பெயர், மரக்கிளையும் சினைதான். மீன் வயிற்றிலுள்ள முட்டையையும் அப்படியே சொல்கிறோம். ஆடு, மாடு, பன்றிக்குக் கரு தங்கினால் சினை, பேச்சில் ‘செனை’. பெண்களுக்கு அந்தச் சொல் ஆகாது. நெல்லுக்குச் சூல்.

குழப்பமெல்லாம் ‘சினைப்பருவம்’ என்பதில்தான். மாடு காளைக்குத் தயாராக இருக்கும் நேரம் அது. கரு இன்னும் உருவாகவில்லை. மாடு கத்தும், தீனி குறையும், பிறப்புறுப்பில் கண்ணாடி போன்ற வழவழப்பான திரவம் வடியும். வேறு மாடு மேலே தாவும்போது அசையாமல் நின்றால் சந்தேகமே வேண்டாம். காலையில் பருவம் கண்டால் அன்று மாலையும், மாலையில் கண்டால் மறுநாள் காலையும் ஊசி போடலாம். எருமை பல நேரம் கத்தாது. இந்த ஊமைப் பருவத்தைப் பிடிக்க அதிகாலையிலும் இரவிலும் கொட்டகைக்குப் போய்ப் பார்க்க வேண்டும்.

பருவம் ஏறத்தாழ 21 நாளுக்கு ஒருமுறை வரும். ஆகவே ஊசி போட்ட 18ஆம் நாளிலிருந்து ஒரு வாரம் கவனிக்க வேண்டும். திரும்பப் பருவம் வந்தால் பெரும்பாலும் சினை பிடிக்கவில்லை. வராவிட்டாலும் சினை என்று முடிவு கட்டக்கூடாது; சத்துக்குறைவாலும் சூலகக் கோளாறாலும் பருவம் நின்றுபோகும். சினை மாட்டில் சில பருவ அறிகுறி காட்டுவதும் உண்டு. பார்க்காமல் மறுபடி ஊசி போட்டால் உள்ளே இருக்கும் கரு கலையலாம்.

ஊசி போட்ட இரண்டு, மூன்று மாதத்தில் கால்நடை மருத்துவர் கைவிட்டுப் பார்த்துச் சொன்னால்தான் அது சினை. சந்தையில் “நாலு மாசச் செனை” என்று மாடு பிடிப்பவரும் பணம் கொடுக்கும் முன் இந்தச் சோதனையைச் செய்துகொள்வது நல்லது.

சினை உறுதியானால் ஊசி போட்ட தேதியிலிருந்து பசுவுக்குச் சுமார் 280 நாள், எருமைக்கு 310 நாள், ஆட்டுக்கு 150 நாள். பசுவும் எருமையும் ஈனுவதற்கு இரண்டு மாதம் முன்பே கறவையை வற்றவிட வேண்டும். தேதி தெரியாவிட்டால் அது தவறிப்போகும். ஊசி போட்ட அன்றே கொட்டகைச் சுவரில் கரிக்கட்டியால் தேதியை எழுதிவிடுங்கள்.