ஏற்றத்தில் மட்டும் திணறும் பிக்கப்

சமதளத்தில் வண்டி வெண்ணெயாகப் போகும். பின்னால் படகையோ டிரெய்லரையோ மாட்டி ஏற்றத்தில் ஆக்ஸிலரேட்டரை மிதித்தால் மட்டும் குலுங்கும், இழுக்காது. அமெரிக்காவில் ஃபோர்டு எஃப்-150 ஈக்கோபூஸ்ட் பிக்கப் வைத்திருக்கும் பலருக்குப் பழகிய தொல்லை இது.

பிக்கப் என்றால் வி8 இன்ஜின்தான் என்றிருந்தவர்களிடம், 2011 மாடலில் ஈக்கோபூஸ்ட் என்ற 3.5 லிட்டர் வி6 இன்ஜினை ஃபோர்டு கொண்டுவந்தது. இரண்டு டர்போ, 365 குதிரைத்திறன். நம்மூர் லோடு வண்டிகள் பெரும்பாலும் டீசல் என்பதால் அவற்றில் ஸ்பார்க் பிளக்கே கிடையாது. இந்த பெட்ரோல் இன்ஜினில் ஆறு இருக்கின்றன.

பிளக் முனைகளுக்கு இடையிலுள்ள இடைவெளியைத் தாண்டித்தான் தீப்பொறி பாய வேண்டும். இந்த இன்ஜினில் அது சுமார் 0.8 மில்லிமீட்டர். ஓட ஓட முனை தேய்ந்து, இடைவெளி அகலும். டர்போ இல்லாத இன்ஜின் இதைக் கொஞ்ச காலம் பொறுத்துக்கொள்ளும். டர்போ காற்றை அழுத்தித் திணிக்கிறது. காற்று அடர்த்தியாக ஆக, தீப்பொறி தாண்டுவதற்கு மின்னழுத்தமும் கூடுதலாகத் தேவை. சுமை ஏறும்போதுதான் டர்போ முழு மூச்சில் வேலை செய்யும். அந்த நேரம் பார்த்துப் பொறி தவறிவிடும். ஏற்றத்தில் மட்டும் திணறுவதன் ரகசியம் இதுதான்.

செக் இன்ஜின் விளக்கு விட்டுவிட்டு எரிந்தால் அலட்சியம் கூடாது. எரியாத பெட்ரோல் சைலன்ஸர் பக்கம் போய், கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைச் சூடாக்கிக் கெடுத்துவிடும். பிளக்குகளை விட அது பல மடங்கு விலை. ஸ்கேனரில் பி0303 என்று வந்தால் மூன்றாவது சிலிண்டரில் கோளாறு. உடனே பிளக்குக்கு மின்னழுத்தம் தரும் காயிலை வாங்கி மாட்டிவிடுவது பலரின் வழக்கம். பிளக்கை முதலில் கழற்றிப் பார்ப்பதே மலிவு.

பிளக் மாற்ற ஃபோர்டு சொல்லும் கணக்கு 1,00,000 மைல், அதாவது சுமார் 1,60,000 கிலோமீட்டர். அடிக்கடி பாரம் இழுப்பவர்கள் அவ்வளவு தூரம் காத்திருப்பதில்லை.

வேலை கடினமில்லை, அவசரம்தான் ஆகாது. சிலிண்டர் ஹெட் அலுமினியம். சூட்டில் கழற்றினால் மரை போய்விடலாம். எனவே இன்ஜின் நன்றாக ஆறட்டும். காயிலை உருவியதும் குழிக்குள் காற்றடித்துத் தூசியை வெளியேற்ற வேண்டும். இல்லாவிட்டால் பிளக் வெளியே வர, மண் சிலிண்டருக்குள் விழும். புதுப் பிளக்காகவே இருந்தாலும் இடைவெளியை அளந்து பார்ப்பது நல்லது. அதைக் கையால் திருகி உட்காரவைத்த பிறகே டார்க் ரெஞ்சை எடுக்க வேண்டும். மரையில் கிரீஸ் தடவும் பழக்கம் வேண்டாம்: வழுக்கலில் ரெஞ்ச் காட்டும் அளவை விட இறுக்கம் கூடிவிடும்.

கழற்றிய ஆறையும் சிலிண்டர் வரிசைப்படி வைத்துப் பார்க்கலாம். முனை இளம்பழுப்பாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் வெளுத்துக் கொப்பளித்திருந்தால் அந்த சிலிண்டர் அளவுக்கு மீறிச் சூடாகிறது. எண்ணெய் ஒட்டியிருந்தால், எங்கிருந்து கசிகிறது என்று தேடாமல் புதுப் பிளக் போட்டுப் பயனில்லை.