வகுப்பில் ஓர் அரபி, வாசலில் ஓர் அரபி

கெய்ரோவின் நஸ்ர் சிட்டிப் பகுதியில் வெளிநாட்டு மாணவர்கள் நிறைய. அல்-அஸ்ஹர் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தவர்கள், தனியார் மொழிப்பள்ளிகளில் அரபி மட்டும் படிக்க வந்தவர்கள் என்று மலேசியா, இந்தோனேசியா, நைஜீரியா முகங்களைத் தெருவெங்கும் பார்க்கலாம். நம் பக்கத்துப் பிள்ளைகளும் உண்டு. புதிதாக வந்த ஒருவர் காலையில் ரொட்டிக்கடை வரிசையில் நின்று, வகுப்பில் படித்தபடி 'உரீது குப்ஸன்' என்கிறார். எனக்கு ரொட்டி வேண்டும் என்று பொருள். வேற்றுமை ஈறு உட்பட இலக்கணத்தில் ஒரு குறையும் இல்லை. கடைக்காரருக்குச் சிரிப்பு வந்துவிடுகிறது. தொலைக்காட்சிச் சரித்திரத் தொடரில் வரும் கலீஃபா நேரே இறங்கி வந்து ரொட்டி கேட்டால் யாருக்குத்தான் சிரிப்பு வராது? பின்னால் நிற்கும் உள்ளூர்ச் சிறுவன் 'ஆயிஸ் ஏஷ்' என்று சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவான். பொருள் அதேதான். ஆனால் இரண்டிலும் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை.

வகுப்பில் படிப்பது ஃபுஸ்ஹா எனும் எழுத்து வழக்கு. குர்ஆன் விரிவுரையும் செய்தித்தாளும் நீதிமன்றத் தீர்ப்பும் அதில்தான். தெருவில் புழங்குவது ஆம்மிய்யா எனும் பேச்சு வழக்கு. அது கெய்ரோவில் ஒன்று, பெய்ரூத்தில் ஒன்று, மொராக்கோவில் வேறொன்று. ஃபுஸ்ஹாவைத் தாய்மொழியாகக் கொண்ட குழந்தை உலகில் எங்கும் பிறப்பதில்லை. எகிப்துப் பிள்ளைகளும் பள்ளிக்குப் போய்த்தான் அதைப் படிக்கிறார்கள். மொழியியலாளர் சார்லஸ் ஃபெர்குசன் 1959இல் எழுதிய கட்டுரை இந்த நிலைக்கு 'டைகுளோசியா' என்ற பெயரைப் பரவலாக்கியது. அதில் அவர் எடுத்துக்கொண்ட நான்கு மாதிரிகளில் அரபி ஒன்று. மற்றவை கிரேக்கம், சுவிட்சர்லாந்து ஜெர்மன், ஹெயிட்டி கிரியோல். தமிழையும் மொழியியலாளர்கள் இதே வகையில்தான் வைக்கிறார்கள். நாம் இதை இரட்டை வழக்கு என்கிறோம். டீக்கடையில் நின்று 'எனக்குத் தேநீர் வேண்டும்' என்று நம்மில் எவரும் கேட்பதில்லை. இரண்டு வழக்கையும் மாற்றி மாற்றிப் பேசியே வளர்ந்த தமிழ் மாணவருக்குக் கெய்ரோவில் இது ஒரு சொத்து.

காது விஷயத்தில் அப்படி ஒரு சலுகை கிடையாது. அரபியில் இதயத்துக்குக் கல்ப், நாய்க்கும் கல்ப். தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றுதான். அரபியில் முதலாவதன் ககரம் உள்நாக்கருகே பிறக்கும் காஃப். இரண்டாவது நம்முடைய சாதாரணக் ககரம். நமக்கு வித்தியாசம் கேட்பதே இல்லை. கோளாறு காதில் இல்லை, மூளையில்தான். ஜேனட் வெர்க்கர், ரிச்சர்ட் டீஸ் என்ற இருவர் 1984இல் வெளியிட்ட ஆய்வில், ஆங்கிலம் பேசும் வீட்டுக் குழந்தைகளுக்கு இந்தியின் த, ட வேறுபாடு ஆறேழு மாதத்தில் தெளிவாகக் கேட்டது. ஒரு வயது நெருங்கும்போது அந்தத் திறன் பெருமளவு மங்கிவிட்டது. வீட்டில் பயன்படாத வேறுபாடுகளை மூளை ஒதுக்கிவிடுகிறது. தாய்மொழியில் வேகம் பிடிப்பதற்கு நாம் கொடுக்கும் விலை இது.

அந்தக் காஃபை மாணவர் மாதக்கணக்கில் தொண்டை வலிக்கப் பழகிக்கொண்டு தெருவில் இறங்கினால், கெய்ரோக்காரர் அதைப் பெரும்பாலும் விழுங்கிவிடுகிறார். 'கஹ்வா' அங்கே 'அஹ்வா'. காஃப் இருந்த இடத்தில் தொண்டை ஒரு கணம் அடைத்துத் திறக்கும், அவ்வளவுதான். இதயமும் 'அல்ப்' ஆகிவிடுவதால் நாயோடு குழப்பமே இல்லை! ஆனால் குர்ஆன், அல்காஹிரா (கெய்ரோவின் அரபிப் பெயர்) போன்ற சொற்களில் காஃப் பத்திரமாக இருக்கிறது. ஜீம் எழுத்தும் இப்படித்தான், அங்கே ஆங்கில g போன்ற ககரமாக ஒலிக்கும். நாம் ஜமால் என்று சொல்லும் பெயர்தான் எகிப்தின் முன்னாள் அதிபர் கமால் அப்துல் நாசரின் பெயர்.

மைக்ரோபஸ் தனிப் பள்ளிக்கூடம். பின்னிருக்கைக்காரர் கொடுக்கும் பணம் கைமாறிக் கைமாறி ஓட்டுநரிடம் போகும். மீதிச் சில்லறை அதே வழியில் திரும்பி வரும். இறங்க வேண்டுமானால் 'அலா கம்ப்' என்று குரல் கொடுக்க வேண்டும். ஓரமாக நிறுத்தச் சொல்வது அது. ஃபுஸ்ஹாவில் ஜன்ப் என்று படித்த அதே சொல்தான். கடைப் பலகையின் விலையும் புதியவரை ஏமாற்றும். நாம் சுழி என்று எண்ணுவது அங்கே ஐந்து. சுழிக்கு ஒரு புள்ளிதான். ஏழு மாதிரித் தெரிவது ஆறு. எழுத்து வலமிருந்து இடமாக ஓட, எண்கள் மட்டும் நம்மைப் போலவே இடமிருந்து வலமாக நிற்கும்.

இரண்டு அரபியையும் உள்ளே இணைப்பது வேர். பெரும்பாலும் மூன்று மெய்யெழுத்து. க-த-ப என்ற வேரில் உயிரொலிகளை மாற்றி, முன்னொட்டுச் சேர்த்தால் கிதாப் (நூல்), காதிப் (எழுத்தர்), மக்தபா (நூலகம்), மக்தூப் (எழுதப்பட்டது) என்று விரியும். அதனால் மரபான அகராதியில் மக்தபாவை மகரத்தில் தேடினால் கிடைக்காது. வேரைக் கண்டுபிடித்துப் போக வேண்டும். ஹான்ஸ் வேர் 1952இல் ஜெர்மனில் வெளியிட்டு, பின்னர் ஆங்கிலத்தில் வந்து மாணவர்கள் இன்றும் புரட்டுகிற அகராதியும் இந்த முறையில்தான் அமைந்தது. நம் மதரஸாக்களில் ஸர்ஃபு எனும் சொல்லாக்க இலக்கணம் ஓதியவர்களுக்கு இது கைவந்த கலை. தெருவிலும் இந்த வேர்கள் பெரும்பாலும் அப்படியே இருப்பதால், வகுப்பில் பட்ட பாடு வீணாவதில்லை.

அகராதியை ஒலிகளின் வரிசையில் அடுக்கியவரும் உண்டு. எட்டாம் நூற்றாண்டில் ஈராக்கின் பஸ்ராவில் இலக்கண அறிஞர் கலீல் இப்னு அஹ்மது தம் அகராதியை முதலெழுத்தான அலிஃபில் தொடங்கவில்லை. தொண்டையின் அடியில் பிறக்கும் ஐனில் தொடங்கி உதடு வரை ஒலிகளை வரிசைப்படுத்தினார். தொல்காப்பியத்தின் பிறப்பியல் படித்தவருக்கு இது புதிதாகத் தோன்றாது. கலீலின் மாணவர் சீபவைஹி, பாரசீகத்திலிருந்து படிக்க வந்தவர். அரபி இலக்கணத்தின் மூலநூலை எழுதியவர் அவர்தான்.

மங்கிய காதுக்கும் வழி இருக்கிறது. பலருடைய குரலில் கேட்டுப் பழகினால், பழக்கமில்லாத ஒலிகளைப் பெரியவர்களும் பிரித்தறியக் கற்கலாம் என்பதை, ர, ல வேறுபாட்டில் தடுமாறும் ஜப்பானியர்களிடம் 1990களில் நடந்த ஆய்வுகள் காட்டின. ஒரே ஆசிரியரின் குரல் மட்டும் போதாது. ஆகவே அரபி படிக்கப் போகிறவர்களே, வகுப்பு முடிந்ததும் ஊர்க்காரர்களின் அறையில் போய் அடைந்துகொள்ளாதீர்கள். ரொட்டிக்கடை வரிசையில் நில்லுங்கள்.