சத்தியம் செய்து கைவிட்ட கொள்கை

ஆங்கிலத்தில் ‘அப்ஜூர்’ என்றொரு வினைச்சொல் உண்டு. கொண்ட கொள்கையைச் சத்தியம் செய்து கைவிடுவது என்று பொருள். லத்தீனில் ‘அப்’ என்றால் விலகி. ‘யூராரே’ என்றால் சத்தியம் செய்தல். கோர்ட்டுகளில் அடிபடும் ‘ஜூரி’, பொய்ச் சத்தியமாகிய ‘பெர்ஜுரி’ ஆகியவையும் இதே வேரில் பிறந்தவைதாம்.

‘மனம் மாறிவிட்டேன்’ என்று வாயால் சொன்னால் மட்டும் போதாது. பிறர் அறிய ஆணையிட வேண்டும். அப்படி ஆணையிட்டவர்களுள் புகழ்பெற்றவர் விஞ்ஞானி கலிலியோ.

பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கருத்துக்கு வலுவூட்டி 1632-ல் அவர் ஒரு நூல் வெளியிட்டார். மத விசாரணை மன்றம் அவரை ரோமுக்கு அழைத்தது. 1633 ஜூன் 22-ல், 69 வயதுக் கிழவர் மண்டியிட்டு, அக்கருத்தைக் கைவிடுவதாகவும் வெறுப்பதாகவும் சத்தியம் செய்தார். நூல் தடை செய்யப்பட்டது. 1642-ல் இறக்கும் வரை வீட்டுக்காவல்.

ஆனால் பேனா ஓயவில்லை. காவலில் இருந்தபடியே பொருள்களின் இயக்கம் பற்றி எழுதி முடித்த நூல் 1638-ல் ஹாலந்தில் அச்சாயிற்று.

கலிலியோ விஷயத்தில் தவறு நேர்ந்ததை 1992-ல் போப் இரண்டாம் ஜான் பால் ஒப்புக்கொண்டார். இடைப்பட்ட 359 ஆண்டுகளும் பூமி, யாருடைய சத்தியத்துக்கும் காத்திராமல், சுற்றிக்கொண்டுதான் இருந்தது!