ரீலோட் காசு எங்கே போகுது?

இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் லயம் லயமாகப் போகும்போது நாம் அடிக்கடி கேட்கிற முறைப்பாடு: "ஐயா, நேத்து போட்ட ரீலோட் இன்னைக்கு இல்லை."

பேசாமல், டேட்டா பாவிக்காமல் காசு வெட்டுப்பட்டால், ஜோதிடம், கிரிக்கெட் செய்தி, ரிங்கிங் டோன் என்று ஏதோ கட்டணச் சேவை சேர்ந்திருக்கலாம். திரையில் வந்ததை வாசிக்காமல் "ஓகே" அழுத்தினாலும் சேர்ந்துவிடும். செய்தியை அழித்தால் சேவை நிற்காது.

உங்கள் கம்பெனிக்குப் பேசுங்கள்: டயலொக் 1777, மொபிடெல் 1717, ஹட்ச் 1788. "நான் கேட்காத சேவையை நிறுத்துங்க, இதுவரை எவ்வளவு வெட்டினீங்க?" என்று தமிழிலேயே கேளுங்கள். பேசிய திகதி, வெட்டிய தொகை இரண்டையும் எழுதி வையுங்கள். வந்த செய்தியை அழிக்காதீர்கள்.

அப்படியும் நிற்காவிட்டால் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு 1900இல் முறையிடலாம். தனியாகப் பேசத் தயக்கமென்றால் போனோடு நலன்புரிக் காரியாலயத்துக்கு வாருங்கள். கூட இருந்து பேசுவோம்.