கார் அறிவோம் – 17: கியர் விழ மறுக்கும்போது

கியர் லீவரைத் தள்ளினால் போகாது, இழுத்தால் வராது. போனாலும் கரகரவென்று பல் கடித்துக்கொண்டு போகும். மேனுவல் கியர் வண்டியில் 'கியர் டைட்டாக இருக்கிறது' என்று சொல்லப்படும் கோளாறு இதுதான். கோளாறு கையில் தெரிந்தாலும், அதன் வேர் பெரும்பாலும் காலடியில், அதாவது கிளட்ச்சில் இருக்கும். இது தெரியாமல் கியர் பாக்ஸை இறக்கிப் பிரித்துப் பார்த்து, உள்ளே எல்லாம் சரியாக இருக்கிறது என்று திரும்ப ஏற்றி, கூலியையும் கொடுத்துவிட்டு அதே கோளாறோடு வீடு திரும்பிய வண்டிகள் ஏராளம். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே பார்த்துவிடக்கூடிய சோதனைகள் பல இருக்கின்றன.

அவற்றுக்கு முன், கியர் விழும் அந்த அரை வினாடியில் உள்ளே என்ன நடக்கிறது என்பது தெரிய வேண்டும். கியர் பாக்ஸில் முன்னோக்கிச் செல்லும் கியர்களின் பல்சக்கரங்கள் எப்போதும் ஒன்றோடொன்று கோத்தபடியேதான் சுற்றுகின்றன. லீவர் நகர்த்துவது பல்சக்கரத்தை அல்ல, ஸ்லீவ் எனப்படும் ஒரு வளையத்தை. அந்த ஸ்லீவ் நகர்ந்து, வேண்டிய கியரின் பக்கவாட்டில் உள்ள சிறு பற்களில் ஏறிப் பூட்டிக்கொண்டால் கியர் விழுந்தது என்று பொருள். ஸ்லீவ் ஒரு வேகத்திலும் கியர் வேறு வேகத்திலும் சுற்றினால் பல் மோதும். அந்த மோதலைத் தடுக்கத்தான் நடுவில் பித்தளை நிறத்தில் ஒரு சின்க்ரோ ரிங். அது கியரின் கூம்பு வடிவப் பகுதியை உரசிப் பிடித்து, இரண்டின் வேகமும் சமமாகும்வரை ஸ்லீவுக்கு வழிவிடாமல் மறித்து நிற்கும். சமமானதும் வழிவிடும். விரல் நுனியால் தள்ளி விழ வைக்கும் கியருக்குப் பின்னால் இவ்வளவு வேலை இருக்கிறது.

இந்த ஏற்பாட்டை 1928இல் காடிலாக் கார்களில் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் அறிமுகப்படுத்தியது. அதற்கு முன்பு ஓட்டுநரே நியூட்ரலில் ஒருமுறை கிளட்ச்சை விட்டு, ஆக்சிலேட்டர் கொடுத்து, வேகத்தைச் சமப்படுத்தி, மறுபடி மிதித்துக் கியர் போட வேண்டியிருந்தது. பழைய லாரி ஓட்டுநர்கள் சொல்லும் டபுள் கிளட்ச் இதுதான். பழைய அம்பாசடரின் நான்கு கியர் பெட்டியில் முதல் கியருக்குச் சின்க்ரோ கிடையாது. வண்டி முழுதாக நின்ற பிறகே முதல் கியர் போட வேண்டும் என்ற பழக்கம் அந்தத் தலைமுறை ஓட்டுநர்களிடம் ஊறியிருந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போது சோதனைக்கு வரலாம். முதல் சோதனை எஞ்சினை அணைத்துவிட்டுச் செய்வது. சமதளத்தில் வண்டியை நிறுத்தி, கிளட்ச்சை மிதித்து, எல்லா கியர்களையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். ஏதாவது ஒன்று மறுத்தால் வண்டியைச் சற்று முன்னும் பின்னும் அசைத்துவிட்டு மறுபடி முயல வேண்டும், ஏனென்றால் நின்ற நிலையில் பல்லுக்கு நேராகப் பல் வந்து நிற்பது இயல்பு. பிறகு எஞ்சினை ஓடவிட்டு அதையே திரும்பச் செய்ய வேண்டும். அணைத்தபோது வெண்ணெயாக விழுந்த கியர்கள் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால் குற்றவாளி கிளட்ச். அணைத்த நிலையிலும் கடினமாகவே இருந்தால் லீவருக்கும் கியர் பாக்ஸுக்கும் இடையிலான கேபிள், புஷ் ஆகியவற்றின் மீதும், பெட்டியின் உட்புறத்தின் மீதும் சந்தேகம் திரும்ப வேண்டும். இந்த ஒரு சோதனையே தேடும் இடத்தைப் பாதியாகக் குறைத்துவிடும்.

கிளட்ச் என்று தெரிந்தால் அதை உறுதிப்படுத்த ரிவர்ஸ் கியர் கை கொடுக்கும். பல கார்களில் ரிவர்ஸுக்குச் சின்க்ரோ இல்லை. எஞ்சின் ஐடிலில் இருக்க, நியூட்ரலில் கிளட்ச்சை முழுதாக மிதித்து நான்கைந்து வினாடி காத்திருந்து, மெதுவாக ரிவர்ஸ் போட வேண்டும். கிளட்ச் ஒழுங்காகப் பிரிந்திருந்தால் அதற்குள் உள்ளே சுற்றுவது நின்றிருக்கும், கியர் சத்தமின்றி விழும். கரகரத்தால் எஞ்சினின் சுழற்சி இன்னும் உள்ளே போய்க்கொண்டிருக்கிறது. கிளட்ச் பிரியாமல் இழுக்கிறது என்பது இதைத்தான். அப்படி இழுக்கும் வண்டியில் கியரை அழுத்தித் திணிக்கும் ஒவ்வொரு முறையும், அந்தச் சிறிய பித்தளை வளையம் எஞ்சினையே எதிர்த்து நிற்கிறது. கிளட்ச் கோளாறைக் கவனிக்காமல் மாதக்கணக்கில் ஓட்டினால், நன்றாக இருந்த சின்க்ரோவும் தேய்ந்து, ஒரு செலவு இரண்டாகும்.

கிளட்ச் பிரியாததற்கான காரணங்களில் மிக எளியது பெடலுக்கு அடியில் சுருண்டு கிடக்கும் மிதியடி. பெடல் தரைவரை போகாவிட்டால் கிளட்ச் முழுதாகப் பிரியாது. முதலில் அதை எடுத்துப் போட்டுவிட்டுப் பார்க்க வேண்டும். அடுத்தது ஃப்ரீ பிளே, அதாவது எதிர்ப்பே இல்லாமல் பெடல் இறங்கும் தூரம். கேபிள் கிளட்ச் உள்ள பல சிறிய கார்களில் இது ஏறக்குறைய 15 முதல் 25 மி.மீ. சரியான அளவு அந்தந்த வண்டியின் கையேட்டில் இருக்கும். கேபிள் நீண்டு ஃப்ரீ பிளே அதிகமானால் கிளட்ச் பாதியில் நின்றுவிடும். நட்டைத் திருகிச் சரிசெய்ய ஐந்து நிமிடம் போதும். கேபிளின் இழைகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தால் மட்டும் சரிசெய்து பயனில்லை, மாற்றிவிட வேண்டும்.

ஹைட்ராலிக் கிளட்ச்சில் பெடலை வேகமாக இரண்டு மூன்று முறை அடித்த பிறகு கியர் சுலபமாக விழுந்தால், குழாயில் காற்று புகுந்திருக்கிறது அல்லது மாஸ்டர் சிலிண்டரின் சீல் தேய்ந்திருக்கிறது. ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் உறையை விலக்கிப் பார்த்தால் ஈரம் தெரியலாம். பல வண்டிகளில் பிரேக்குக்கும் கிளட்ச்சுக்கும் ஒரே ஆயில் டப்பாதான். அதன் மட்டம் அடிக்கடி குறைந்தால் கிளட்ச் பக்கமும் கசிவைத் தேட வேண்டும்.

வெளியே எல்லாம் சரியாக இருந்தும் கிளட்ச் இழுத்தால் பிளேட்டைப் பார்த்துத்தான் ஆக வேண்டும். பிளேட் கோணியிருக்கலாம், பிரஷர் பிளேட்டின் விரல்கள் தேய்ந்திருக்கலாம், தண்டின் வரிகளில் துரு பிடித்துப் பிளேட் நகராமல் இருக்கலாம். புதிதாக கிளட்ச் மாற்றிய மறுநாளே கோளாறு தொடங்கினால் பிளேட் திருப்பிப் போடப்பட்டிருக்க வாய்ப்புண்டு. மழைநீரில் நின்ற வண்டிகள் தனி ரகம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கியவற்றைப் போன்ற வண்டிகளில், பிளேட் துருவேறி ஃப்ளைவீலோடு ஒட்டிக்கொள்ளும். பெடல் வழக்கம்போல இறங்கும், உள்ளே எதுவும் பிரியாது. அப்படிப்பட்ட வண்டியில் கியர் ஆயிலையும் இறக்கிப் பார்ப்பது கட்டாயம். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது.

கிளட்ச் குற்றமற்றது என்றால் அடுத்தது லீவர் வழி. முன் சக்கர இயக்கக் கார்களில் பெரும்பாலும் இரண்டு கேபிள்கள் லீவரின் அசைவை கியர் பாக்ஸுக்குக் கொண்டுபோகின்றன. அவற்றின் முனையில் உள்ள பிளாஸ்டிக் புஷ் உடைந்தால் லீவர் தொளதொளக்கும், கியர் இடம் தேட வேண்டியிருக்கும். கேபிளுக்குள் துரு ஏறினால் கை வலிக்கும். பெட்டியின் பக்கத்தில் கேபிளைக் கழற்றிவிட்டு அங்குள்ள நெம்புகோலைக் கையால் அசைத்துப் பார்த்தால், இறுக்கம் கேபிளிலா பெட்டியிலா என்பது தெரிந்துவிடும். எஞ்சின் மவுண்டிங் கிழிந்த வண்டியில் எஞ்சின் அசையும்போது கேபிளும் இழுபடும் என்பதால் அதையும் ஒரு பார்வை பார்க்க வேண்டும்.

காலையில் முதல் சில கிலோமீட்டர் மட்டும் இரண்டாவது கியர் கடினமாக இருந்து, பிறகு சரியாகிவிட்டால் ஆயிலைத்தான் சொல்ல வேண்டும். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் இது அதிகம் தெரியும். ஆயில் குறைந்திருக்கலாம், கெட்டியான ரகம் ஊற்றப்பட்டிருக்கலாம். ஜிஎல்-4 கேட்கும் பெட்டியில் 'இன்னும் உசத்தி' என்று ஜிஎல்-5 ஊற்றுவது பரவலான தவறு. பல்சக்கரங்களைக் கடும் அழுத்தத்திலிருந்து காக்க அதில் சேர்க்கப்படும் கந்தக, பாஸ்பரஸ் பொருட்கள் கூடுதல். அந்த வழுக்கலில் சின்க்ரோ ரிங்கால் கூம்பை உரசிப் பிடிக்க முடியாமல் போகலாம், பித்தளையும் அரிக்கப்படலாம். ஆயிலை இறக்கும்போது கழற்றிய போல்ட்டின் காந்த முனையைத் துடைத்துவிடாமல் பார்க்க வேண்டும். சாம்பல் நிறக் குழைவு வழக்கமான தேய்மானம். நகம்போலச் சில்லுகள் ஒட்டியிருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. ஆயிலை ஒரு சொட்டு விரலில் எடுத்து வெயிலில் சாய்த்தால் பொன்துகள் மின்னும். அதிகமாக மின்னினால் சின்க்ரோ ரிங் கரைந்துகொண்டிருக்கிறது.

எந்த கியர் என்பதும் ஒரு தடயம். எல்லா கியரும் கடினமென்றால் கிளட்ச், கேபிள், ஆயில். மூன்றும் நான்கும் மட்டும், அல்லது ஒன்றும் இரண்டும் மட்டும் என்றால், அந்த ஜோடியை நகர்த்தும் ஃபோர்க்கும் ஸ்லீவும். ஒரே ஒரு கியர் மட்டும் கரகரத்தால் அதன் சின்க்ரோ ரிங். அதிகம் அடிபடுவது இரண்டாவது கியர், ஏனென்றால் வேகத்தடையிலும் நெரிசலிலும் ஓடும் வண்டியை இறக்கிப் போடுவது பெரும்பாலும் அதற்குத்தான். கிளட்ச்சை டபுளாக மிதித்து, நடுவில் ஆக்சிலேட்டர் கொடுத்து இறக்கும்போது அந்தக் கரகரப்பு மறைந்தால் ரிங் தேய்ந்தது ஏறக்குறைய உறுதி.

பெட்டியை இறக்கும் வேளை அப்போதுதான் வருகிறது. பிரித்ததும் ரிங்கை அதன் கூம்பில் கையால் அழுத்திப் பிடித்து, ரிங்குக்கும் கியர் பற்களுக்கும் இடையிலான இடைவெளியை ஃபீலர் கேஜால் அளக்க வேண்டும். பல சிறிய கார்களில் புதிதில் அது 1 மி.மீ. அளவில் இருக்கும். 0.5 மி.மீ.க்குக் கீழே போனால் ரிங்கை மாற்ற வேண்டும். ஸ்லீவின் பல்முனைகள் கூர்மை போய் மழுங்கியிருந்தால் ரிங்கை மட்டும் மாற்றிப் பயனில்லை, ஸ்லீவையும் சேர்த்து மாற்ற வேண்டும். எப்படியும் பெட்டி கீழே இருக்கும் நிலையில் கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடலாம். அதற்கென்று இன்னொரு முறை பெட்டியை இறக்கும் கூலி மிச்சம்.