எண்ணாமலே எண்ணலாம்!

காலையில் காப்பியில் ஒரு சிறு கரண்டி சர்க்கரை போட்டுக் கலக்குகிறோம். அதில் எத்தனை அணுக்கள் உள்ளன என்று என்றாவது நினைத்துப் பார்த்ததுண்டா தோழியரே? கண்ணுக்கே தெரியாத அணுவை எப்படி எண்ணுவது என்கிறீர்களா? எடை போட்டே எண்ணிவிடலாம்!

ஒரு பை நிறைய ஒரே வகை நாணயங்கள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு நாணயத்தின் எடை தெரிந்தால், பையின் எடையைக் கொண்டே நாணயங்களின் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம் அல்லவா? வேதியியலிலும் இதே வழிதான். பன்னிரண்டு பொருள்களை ஒரு டஜன் என்பது போல, 6.022 × 10²³ துகள்களை ஒரு மோல் என்கிறோம். இதுவே அவகாட்ரோ எண்.

இத்தாலிய அறிஞர் அவகாட்ரோ, சம வெப்பநிலையிலும் சம அழுத்தத்திலும் சம பருமனுள்ள வாயுக்களில் சம எண்ணிக்கையுள்ள மூலக்கூறுகள் இருக்கும் என்று 1811-ஆம் ஆண்டில் கூறினார். அந்த எண்ணிக்கை எவ்வளவு என்பதை அறியாமலே 1856-இல் மறைந்தார். 1909-இல் பிரெஞ்சு அறிஞர் ழான் பெரின் அந்த எண்ணுக்கு அவர் பெயரையே சூட்டினார்.

இனி நம் சர்க்கரைக்கு வருவோம். அதன் ஒரு மூலக்கூறில் 12 கார்பன், 22 ஹைட்ரஜன், 11 ஆக்ஸிஜன் அணுக்கள் உள்ளன. இவற்றின் அணு எடைகள் முறையே 12, 1, 16. ஆகவே மூலக்கூறு எடை 144 + 22 + 176 = 342. அதாவது 342 கிராம் சர்க்கரை ஒரு மோல் ஆகும். நம் கரண்டியில் 3.42 கிராம் இருந்தால், அது 0.01 மோல், மூலக்கூறுகள் 6.022 × 10²¹.

கணக்கு முடிந்துவிட்டது என்று எண்ணாதீர்கள்! அரையாண்டுத் தேர்வில் இப்படித்தான் நானும் மூலக்கூறோடு நிறுத்தி, ஐந்து மதிப்பெண்ணில் இரண்டை இழந்தேன். விடைத்தாளைத் தந்தபோது எங்கள் சிஸ்டர், “வீடுகளை எண்ணிவிட்டாய், வீட்டில் இருப்பவர்களை எண்ண மறந்துவிட்டாயே அம்மா!” என்றார்கள். அன்றிலிருந்து நான் மறந்ததே இல்லை.

ஒரு மூலக்கூறில் மொத்தம் 45 அணுக்கள். ஆகவே 6.022 × 10²¹ × 45 = சுமார் 2.71 × 10²³ அணுக்கள். உலகின் 800 கோடி மக்களும் இரவு பகலாக, விநாடிக்கு ஒன்று வீதம் எண்ணினாலும், எண்ணி முடிக்கச் சுமார் பத்து லட்சம் ஆண்டுகள் ஆகும்!

எடையை மோலாக்குங்கள், மோலை மூலக்கூறாக்குங்கள், மூலக்கூறை அணுவாக்குங்கள். மூன்றாம் படியை மட்டும் என்னைப் போல் மறந்துவிடாதீர்கள், தோழியரே!